பிள்ளையின்ர தலையும் ஊராக்களின்ர வாயும்

அக்காவின் மகளுக்கு மூன்றாம் கிழமையில் தலையில் பொருக்கு வரத் தொடங்கியது. முதலில் உச்சியில் மட்டும், பால் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு மஞ்சள் படை. பிறகு நெற்றியோரம், பிடரி, கடைசியில் புருவத்துக்குள்ளும் வந்துவிட்டது. தொட்டால் எண்ணெய்ப்பிசுக்கு. பிள்ளைக்கு அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. பால் குடித்தாள், நித்திரை கொண்டாள், தன்ர பாட்டில் கிடந்தாள். அழுதது அக்காதான்.

அழ வைத்தது பொருக்கு இல்லை, பிள்ளை பார்க்க வந்த ஆக்கள். "ஏன் பிள்ளை, தலைக்கு வாக்கிறதில்லையோ?" என்று ஒருவர். "வடிவான பிள்ளை, தலைதான் ஊத்தையாக் கிடக்கு" என்று இன்னொருவர். பெரியம்மா ஒருவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்னமே முடிவு சொல்லிவிட்டா: "இது கிரந்தி. நீ கத்தரிக்காய், இறால் எண்டு வாய் கட்டாமல் திண்டிருப்பாய். பாலுக்குள்ளால போயிட்டுது."

அக்காவுக்கு சிசேரியன். குனிந்து நிமிர ஏலாது. அத்தான் கொழும்பில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பிள்ளையைக் குளிக்க வார்த்தது அம்மாவும் நானும். ஆனால் கேள்வி எல்லாம் அக்காவிடம்தான் போனது. ஒருவரும் என்னைப் பார்த்து "தம்பி, நீ வடிவாக் கழுவிறதில்லையோ" என்று கேட்கவில்லை. பெரியம்மா போன அடுத்த நாள் அக்கா கத்தரிக்காயை விட்டா. பிறகு மீனை விட்டா. முட்டையும் போனது. சோறும் சரக்குக் கறியும் மட்டும் என்று ஆனபோது எனக்குப் பயம் வந்தது. காயம் ஆறவேண்டிய, ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தரம் பால் கொடுக்கிற உடம்பு அது. ஆக்கள் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைக்குத் தொப்பி போடவும் தொடங்கிவிட்டா. பருத்தித்துறை வெக்கையில் தொப்பி!

மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்த அன்று தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. "இது கிராடில் கேப் தங்கச்சி. கன பிள்ளையளுக்கு வாறது. உங்கட சாப்பாட்டால வந்ததுமில்லை, ஊத்தையால வந்ததுமில்லை. நீங்க மீனைத் தின்னுங்கோ."

ஆங்கிலப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் தொட்டில் தொப்பி. கேட்க வடிவாக இருக்கிறது. எங்கட ஊரில் சொடுகு, பொருக்கு, கிரந்தி என்று எல்லாமே கொஞ்சம் அருவருப்போடுதான் வாயில் வரும். மருத்துவத்தில் செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். பெரிய ஆக்களின் தலையில் வரும் சொடுகும் இதே குடும்பம்தான். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட ஏலாது. வயிற்றுக்குள் இருக்கும்போது தாயிடமிருந்து வந்த ஹோர்மோன்கள் பிறந்த பிறகும் கொஞ்சக் காலம் பிள்ளையின் உடம்பில் நிற்கின்றன, அவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை உசுப்பிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். அந்த எண்ணெயைத் தின்று வாழும் மலசேசியா என்ற ஈஸ்ட் வகைக்கும் இதில் பங்கு இருக்கலாம். அது எல்லாருடைய தோலிலும் இருக்கிறதுதான். பொருக்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அநேகமாக முதல் மூன்று மாதத்துக்குள் வந்து, ஒரு வயதுக்கு முன்னம் தன்ர பாட்டில் போய்விடும்.

எனக்கும் சொடுகு இருக்கிறது. கறுப்பு சேர்ட் போட்டால் தோளில் தெரியும். இவ்வளவு காலத்தில் ஒருவரும் என்ர தலையைப் பார்த்து "உன்ர கொம்மா என்னத்தைத் திண்டவா?" என்று கேட்டதில்லை.

இனிக் கழுவுகிற கதை. மிட்வைஃப் அக்கா சொல்லித்தந்தது மிகச் சின்ன வேலை. குளிக்க வார்க்க முன்னம் பொருக்கில் கொஞ்சம் பேபி ஒயில் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடவேண்டும். இளகியதும் மெல்லிய துணியாலோ குழந்தைப்பிள்ளைகளின் மெத்தென்ற பிரஷாலோ வட்டம் வட்டமாகத் தேய்க்கவேண்டும். பிறகு பேபி ஷாம்பூ போட்டு எண்ணெய் நிற்காமல் கழுவிவிடவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எண்ணெய் இங்கே மருந்து இல்லை, பொருக்கை இளக்கிற வேலைக்கு மட்டும்தான். எங்கட வீடுகளில் எண்ணெய் வைத்தால் விடியும்வரை ஊறவிடுவோம். அப்படி விட்டால் அந்த ஈஸ்டுக்குச் சாப்பாடு போட்டது மாதிரி.

நகத்தால் நோண்டக்கூடாது. காய்ந்த பொருக்கை உரித்தால் கீழே தோல் புண்ணாகி, கிருமி போக வழி திறக்கும். பொருக்கோடு நாலைந்து மயிர் சேர்ந்து வரும், அது திரும்ப முளைக்கும். அம்மாவுக்கு உச்சிக்குழியைத் தொடப் பயம். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் கழுவுவா, பொருக்கு அங்கேதான் தடித்துக் கிடந்தது. உச்சியில் எலும்பு சேராவிட்டாலும் உள்ளே உறுதியான சவ்வு மூடியிருக்கிறது. மெதுவாகக் கழுவினால் ஒன்றும் ஆகாது. முதல் நாள் எனக்கும் கை நடுங்கியது. விரலுக்குக் கீழே அந்த இடம் துடிக்கும்.

இதற்கிடையில் வைத்தியம் வந்த வண்ணம் இருந்தது. பயத்தம்மா, தேசிக்காய்ப்புளி, வேப்பெண்ணெய். கனடாவில் இருந்து ஒரு மாமி வாட்ஸ்அப்பில் ஒலிவ் ஒயில் போத்தலின் படம் அனுப்பினா. தேசிக்காய் பெரிய ஆக்களின் தோலையே எரிக்கும். வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ஒலிவ் ஒயில் சருமத்தின் காப்புப் படையைக் குலைக்கக்கூடியது என்பதால் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையே இதற்குப் பாவிக்கவேண்டாம் என்கிறது. சாம்பிராணிப் புகையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பிஞ்சு நுரையீரல் என்று சொல்லி நான் வாசலிலேயே மறித்தேன்.

பெரிய பிரச்சினை 31. எங்கட பக்கத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழிவு. அன்று பிள்ளைக்கு முடி வழிக்கிறதும் வழக்கம். வழித்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று பெரியம்மா நின்றா. எனக்கு விளங்காதது இதுதான்: பொருக்கு இருக்கிறது தோலில், மயிரில் இல்லை. மேடு பள்ளமாகக் கிடக்கிற பொருக்குக்கு மேலால் பிளேட் ஓடினால் வெட்டும். முடிவெட்ட வந்த அண்ணைதான் வீட்டைக் காப்பாற்றினார். தலையை ஒருக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம் அம்மா, ரத்தம் வரும்" என்றார். கத்தரிக்கோலால் சாத்திரத்துக்கு ஒரு கொத்து மட்டும் வெட்டினார். மிட்வைஃப் சொன்னபோது தலையாட்டாத பெரியம்மா அவர் சொன்னபோது ஆட்டினா.

எல்லாப் பொருக்கும் இப்படிச் சும்மா விடக்கூடியது இல்லை. ரத்தமோ நீரோ கசிந்தால், வீங்கினால், சீழ் வைத்தால், மணத்தால், முகம் உடம்பு என்று பரவினால், பிள்ளை சொறிந்து நித்திரையில்லாமல் கிடந்தால் டொக்டரிடம் காட்டவேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பொருக்கு இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, உடனே ஆஸ்பத்திரி. பெரிய ஆக்களின் சொடுகு ஷாம்பூவை டொக்டர் சொல்லாமல் பிள்ளைக்குப் போடவேண்டாம். எங்கட ஆளுக்கு இதொன்றும் இருக்கவில்லை. 2 மாத ஊசிக்கு கிளினிக் போனபோது வரிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகளின் தலையில் அதே மஞ்சள் படையைக் கண்டேன். அக்காவுக்குக் காட்டினேன். அன்றைக்குத்தான் தொப்பி பைக்குள் போனது.

ஐந்தாம் மாதம் தலை துப்புரவாகிவிட்டது. புருவத்தில் இருந்தது அதற்கு முதலே உதிர்ந்து போனது. இப்போது பெரியம்மா பயத்தம்மாதான் மாற்றினது என்கிறா. கனடா மாமி ஒலிவ் ஒயில் என்கிறா, அந்தப் போத்தல் இங்கே வந்து சேரவே இல்லை. அம்மா சந்நிதியான் என்கிறா. அக்கா எல்லாருக்கும் ஓம் ஓம் என்றா. வாய்க்குள் மீன்குழம்பும் சோறும்.