கடலோரத்துக்காரனுக்கு எதற்குக் கடல்?

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பவன் கோடை லீவுக்குக் கடற்கரை ஊர் தேடினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? "ஊட்டிக்காரன் ஏ.சி. வாங்கின கதையா இருக்கே சார்!" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

அவர் சொல்வதும் நியாயம்தான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் வங்காள விரிகுடா. துணி காயப்போட்டால் உப்பு. ஜன்னல் கம்பி வருஷத்துக்கு ஒரு தரம் துருப்பிடித்துக் கையோடு வரும். இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு ஏழு வயசுப் பையனும் நாலு வயசுப் பெண்ணும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை என்றால் நம்புவீர்களா?

காரணம் இரண்டு. ஒன்று, எங்கள் கடல். இங்கே கரை சட்டென்று சரிகிறது. முழங்கால் வரை இருக்கும் தண்ணீர், இரண்டு எட்டு வைத்தால் மார்புக்கு வந்துவிடும். அலை கரையிலேயே வந்து அறையும், திரும்பும்போது காலடி மண்ணை உருவிக்கொண்டு போகும். பக்கத்தில் அடையாறு முகத்துவாரம் வேறு. அங்கே 1977-ல் ஆற்று வெள்ளத்தில் உடைந்த பாலம் இன்னும் பாதியில் நிற்கிறது. 'குளிக்காதீர்கள்' என்று போர்டு வைத்தும், போலீஸ் விசில் ஊதியும், வருஷா வருஷம் பிள்ளைகளைப் பறிகொடுக்கிற கரை இது.

இரண்டாவது காரணம், என் அம்மா.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போல் கடற்கரைக்கு நடக்கப்போன அம்மா, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். பக்கத்துச் சீனிவாசபுரத்தில் எத்தனையோ பேர் வந்து சேரவில்லை. அன்றிலிருந்து அம்மா மணலில் கால் வைத்ததில்லை. பேரக்குழந்தைகள் கடல் பக்கம் திரும்பினாலே "டேய், உள்ள வாங்கடா!" என்று அலறுவாள். அந்தப் பயம் குழந்தைகளுக்கும் தொற்றிவிட்டது. அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் சின்னது என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கடலோரத்தில் பிறந்த பிள்ளை கடலைக் கண்டு நடுங்குவதாவது!

அதனால்தான் குடும்ப மாநாடு கூட்டினேன். தலைமை: என் மனைவி. பொருள்: 'குழந்தைகளை உட்கார வைக்கிற மாதிரி ஒரு கடல்.'

மைத்துனன் எடுத்த எடுப்பில், "கோவா போங்க மாமா!" என்றான். நாங்கள் கிளம்புவதற்குள் மே பிறந்துவிடும். போகப் போக அரபிக்கடலில் அலை ஏறும், ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தால் கரையில் சிவப்புக் கொடிதான். கேரளத்துக் கோவளத்துக்கும் அதே பதில். ஆபீஸில் ஒருவர் மாலத்தீவு போட்டோ காட்டினார். அதை என் பர்ஸ் பார்த்துவிடக்கூடாதே என்று அவசரமாக மூடினேன்.

"கன்னியாகுமரி?" என்றாள் மனைவி. 133 அடியில் வள்ளுவர் நிற்கிறார், விவேகானந்தர் பாறை இருக்கிறது, கண்ணுக்கு விருந்து. ஆனால் கரையெல்லாம் பாறை. வேடிக்கை பார்க்கிற கடலே தவிர விளையாடுகிற கடல் இல்லை. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடியில் அலை அந்தப் பழைய மதிலடியிலேயே வந்து மோதுகிறது. நம்ம ஊர் பக்கத்துக் கோவளம் 2021-ல் நீலக்கொடி வாங்கிய கடற்கரை. சுத்தம் உண்டு, உயிர்காப்பாளர் உண்டு. ஒரு நாள் போய்வர நல்ல இடம். ஆனால் அலை? எங்கள் வீட்டு அலைக்குச் சொந்த அண்ணன்.

தீர்மானம் நிறைவேறாமலே மாநாடு கலைந்தது. வழி சொன்னவர் வாசலில் மீன் கொண்டுவரும் அம்மாதான். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே, "இன்னா தம்பி, ஊர் பேரைப் பாத்தா கடலுக்குப் போவாங்க? தரை எப்டி எறங்குது, காத்து எங்கேர்ந்து அடிக்குது, அதப் பாரு. கொயந்தைங்களுக்கு ராமேசுரம் பக்கம் வடக்குக் கடல் நல்லா இருக்கும். குளம் கணக்கா கிடக்கும்" என்றார்.

அட, நாற்பது வருஷம் கடலோரத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே! ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. இலங்கை குறுக்கே படுத்துக்கொண்டு வங்கக் கடலின் பெரிய அலைகளைத் தடுத்துவிடுகிறது. வடக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஆழமும் 15 மீட்டருக்குள்தான். கோடையில் காற்று தெற்கு, தென்மேற்கிலிருந்து அடிப்பதால் வடக்குக் கரை சாதுவாகிவிடும். அங்கத்து ஜனங்கள் வடக்கே இருப்பதைப் 'பெண்கடல்' என்றும் தெற்கே இருப்பதை 'ஆண்கடல்' என்றும் சொல்கிறார்கள். (இதைக் கேட்டதும் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.) ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று காலத்தில் கதை தலைகீழ். அப்போது பெண்கடல்தான் பொங்கும்!

அம்மாவிடம் 'கடல்' என்ற வார்த்தையே எடுக்கவில்லை. "ராமேஸ்வரம் போறோம்மா, ராமநாதசுவாமி தரிசனம், 22 தீர்த்தம்" என்றேன். மறுநாளே பெட்டி ரெடி.

ரயிலிலேயே முதல் பரிசு கிடைத்தது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இப்போது போகிறோம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுமாம். பையன் ஜன்னலை விட்டு அசையவில்லை. அம்மா கண்ணை மூடி சகஸ்ரநாமம்.

அக்னி தீர்த்தத்தில் ஏரி மாதிரித் தண்ணீர். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது யாத்ரீகர்களின் இடம். கூட்டமும் விட்டுப்போன துணியுமாக இருக்கும். அமாவாசை என்றால் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தைகளுக்கு நாங்கள் போனது, திரும்பும் வழியில் உச்சிப்புளி அருகே உள்ள அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல், மெத்தென்ற மணல். தண்ணீருக்குள் எத்தனையோ எட்டு வைத்தும் இடுப்பு நனையவில்லை. அலை என்று பெயருக்கு ஒன்று வந்து, பூனைக்குட்டி மாதிரி காலை நக்கிவிட்டுப் போயிற்று.

சின்னது முதலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பிறகு ஒரு கையை விட்டது. பிறகு இரண்டையும். கால் மணி நேரத்தில் தண்ணீரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, வா!" என்று கத்தியது.

அம்மா தோப்பில்தான் இருந்தாள். ரொம்ப நேரம் அலையையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக மரத்தடியில் வைத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, பேத்தியின் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் என் தோளைத் தட்டி, "போட்டோ எடுங்க" என்றாள். எடுத்தேன், என் கட்டை விரலோடு சேர்த்து.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. வெயில் கொளுத்தும். காலை ஒன்பதுக்குள் அல்லது நாலு மணிக்கு மேல் இறங்குங்கள். தொப்பியும் உப்பு-சர்க்கரைத் தண்ணீரும் அவசியம். அது பனங்காட்டுப் பூமி என்பதால் நுங்கு நிறையக் கிடைக்கும். சொறிமீன் வந்திருக்கிறதா என்று கரையிலிருக்கும் மீனவரைக் கேளுங்கள். சாதுக் கடல்தானே என்று செல்போனில் மூழ்காதீர்கள். முழங்கால் தண்ணீரிலும் குழந்தை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனுஷ்கோடிக்குப் போங்கள், 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சர்ச் சுவரைக் காட்டுங்கள். ஆனால் அரிச்சல்முனையில் இறங்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் பொல்லாதது.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம், அம்மா தானாகவே எங்களோடு பட்டினப்பாக்கம் மணலுக்கு வந்தாள். காய்ந்த மணலாகப் பார்த்து உட்கார்ந்தாள். எதிரே அலை எழுந்து, மடிந்து, தடாரென்று விழுந்தது.

சின்னது கேட்டது: "பாட்டி, இது ஆண்கடலா, பெண்கடலா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "இது பக்கத்து வீட்டுக் கடல்டி கண்ணு. கோவக்காரக் கடல். தினம் வந்து பாக்கலாம். ஆனா, தள்ளி நின்னுதான் பேசணும்!"