அடுப்பங்கரையும் மரபும்

பழைய பித்தளை அண்டாவைப் புளியிட்டுத் துலக்கிக் கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்திவிட்டு, இதுவே நம் பாரம்பரியம் என்று விருந்தினருக்குக் காட்டுவது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. நமக்கு அதில் உடன்பாடில்லை. அண்டா நெய்ச்சோறு ஆக்குவதற்கு உரியது. பேழைக்குள் ஏறிய அண்டா ஓய்வூதியம் பெறும் அதிகாரியைப் போன்றது.

பனமலையில் உள்ள நம் இல்லத்தின் அடுப்பங்கரையை இடித்துக் கட்ட நேர்ந்தபோது இந்த வினா வீட்டிற்குள்ளேயே எழுந்தது. பல்லவன் இராஜசிம்மன் மலைமேல் எழுப்பிய கோயிலும் அதன் சுவரோவியமும் நம் ஊருக்குப் பெருமை தருபவை. அத்தகைய ஓவியமொன்றைச் சமையலறை ஓடுகளில் பதிக்கலாம் என்றார் இளவல். கூடத்தை நோக்கித் திறந்த சமையலறை வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த வரைபடத்தில் இருந்தது. அன்னையார் அதைப் பார்த்துவிட்டு, "புகை எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அக்கேள்வியின் பின்னே ஐம்பதாண்டு இருமல் இருந்தது. ரமலானில் ஸஹருக்காகப் பின்னிரவில் எழுந்து, ஈரவிறகை ஊதி ஊதிச் சமைத்த கண்கள் அவை. வீட்டிற்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி.ராஜு புகையற்ற அடுப்பை வகுத்து நூலாகவும் தந்தது 1953இல். எழுபது ஆண்டுகள் கடந்தும் பல வீடுகளின் கூரை கரிபடிந்தே கிடக்கிறது. மரபு என்பதற்காக அந்தக் கரியையும் போற்ற வேண்டுமா என்ன?

போற்றத்தக்கது வேறு. செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோர் ராஜா தேசிங்கின் கதையைக் கேட்டும், சாதத்துல்லா கான் பெயர் தாங்கிய 1717-18ஆம் ஆண்டுப் பள்ளிவாசலைக் கண்டும் திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள நெற்களஞ்சியத்தைச் சற்று நின்று பாருங்கள். தடித்த சுவர், வளைந்த கூரை. வெயில் தானியத்தைத் தொடவில்லை. கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் வந்தது. அலங்காரத்திற்கு முன்னர் தானியத்தையும் தண்ணீரையும் எண்ணிய மக்கள் அவர்கள். அக்கோட்டை 2025இல் உலக மரபுச் சின்னமானது.

இறுதியில் நம் அடுப்பங்கரை இவ்வாறு அமைந்தது. கூடத்திற்கும் அதற்கும் இடையே சுடுமண் சாலகம். காற்று வரும், பார்வை தடைப்படும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி கூரையைத் தாண்டி வெளியேறுகிறது. மேடைக்குக் கடப்பைக் கல் மலிவுதான். ஆயினும் அது சுண்ணாம்புக் கல்லாதலின் புளியும் எலுமிச்சையும் அதன் மெருகைத் தின்றுவிடும். எனவே கருங்கல்லே இட்டோம். மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கப்படி விடாமல், சமைப்பவர் முழங்கை மடிப்பிலிருந்து ஐந்து அங்குலம் கீழே வைத்தோம்.

அம்மியைப் பற்றித்தான் நீண்ட வாதம். மின் அரைவை இருக்க அது எதற்கு என்றனர் சிலர். அன்னையார் விடவில்லை, ஆனால் முழங்கால் மடங்காது. இரண்டடி உயரத்தில் தனித் திண்ணை கட்டி அம்மியை அதன்மேல் ஏற்றினோம். மேடையளவு உயர்த்தினால் குழவியை உடல் பாரத்தால் அழுத்த இயலாது. இன்று அவர்கள் நின்றபடியே மசாலா அரைக்கிறார்கள்.

நடைவழி நான்கடி அகலம். பெருமானார் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவி வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததை நாம் மேடைகளில் பேசுகிறோம். இரண்டாமவர் நிற்க இடமில்லாத அடுக்களையில் அது எவ்வாறு நடக்கும்? இளவலுக்குக் காய் நறுக்கும் பலகை அங்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

அண்டா புறக்கடை விறகடுப்பின் அருகே இருக்கிறது. பெருநாளுக்கு அது வேண்டும்.