இருளைக் காட்டிய விளக்கு
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நம் செஞ்சிப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது, பாஞ்சாலியின் துகில் உரியப்படும் இரவோடு யாரேனும் கூத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஊரே எழுந்து சண்டைக்கு வரும். அவள் கூந்தலை முடிக்கும்வரை பார்த்தால்தான் கதை நிறைவுறும். திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பேர்போன மேலச்சேரி அருகிலேயே இருப்பதால், நம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இந்த நியாயம் எப்போதும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு ‘மை சோ-கால்டு லைஃப்’ என்றொரு தொடர் தொடங்கியது. அதன் நாயகிக்கு வயது பதினைந்து. என்னைப் போலவே பத்தாம் வகுப்பு மாணவி. அவளாக நடித்த கிளேர் டேன்ஸ் 1995 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது பெற்றார். அதே மாதத்தில் தொடர் பத்தொன்பது பகுதிகளோடு முடிந்தது. பார்ப்பவர் தொகை போதாது என்பதே காரணம். ஆள் குறைவால் நிற்பது ஒரு வகை. அச்சத்தால் நிறுத்தப்படுவது மற்றொரு வகை. நம் நாட்டில் இந்த இரண்டாம் வகை ஆபத்தில் சிக்கி மீண்ட நாடகம் ‘தமஸ்’. அச்சொல்லுக்கு இருள் என்பது பொருள்.

இதன் மூலக்கதையை எழுதியவர் ராவல்பிண்டியில் பிறந்த பீஷ்ம சாஹ்னி. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரங்களைக் கண்ணால் கண்டவர். இந்நாவலுக்கு 1975இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கராச்சியில் பிறந்து, பிரிவினையால் குழந்தைப் பருவத்திலேயே இடம்பெயர்ந்த கோவிந்த் நிஹலானி இதனை ஏறத்தாழ ஐந்து மணி நேரப் படமாக இயக்கினார்.

தோல் பதனிடும் ஏழைத் தொழிலாளி நாத்துவாக ஓம் பூரி நடித்திருக்கிறார். ஒரு பன்றியைக் கொன்று தரும்படி அவனுக்குப் பணம் கொடுக்கிறார்கள். மறுநாள் அது பள்ளிவாசல் வாயிலில் கிடக்கிறது. அந்த ஒரு பொறியில் ஊரே பற்றி எரிகிறது. யாரோ செய்த சூழ்ச்சிக்கு அறியாமல் கருவியான நாத்துவின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கோடை விடுமுறையில் இதைப் பார்த்தேன். இந்தி அறிந்த என் அத்தை உடனிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவர், “போதும், இது பிள்ளைகள் பார்க்கும் கதையில்லை” என்று நிறுத்தப் போனார். “நாத்துவின் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் நான் எப்படி அத்தை தூங்குவேன்?” என்றேன். அத்தை சற்று யோசித்துவிட்டு மீண்டும் அமர்ந்தார். அதனால்தான் ராஜோ என்னும் முஸ்லிம் பெண்மணியை நான் காண முடிந்தது. வீட்டு ஆண்கள் கொள்ளையிடப் போயிருக்க, அடைக்கலம் தேடி வந்த முதிய சீக்கியத் தம்பதியரை அவர் தம் வீட்டில் ஒளித்து வைக்கிறார். பாதியில் நிறுத்தியிருந்தால் வெறுப்பை மட்டுமே பார்த்திருப்பேன்; இரக்கத்தைப் பார்த்திருக்க மாட்டேன். ராஜோவாக நடித்த சுரேகா சிக்ரி தேசிய விருது பெற்றது மிகப் பொருத்தமே.

1988 ஜனவரியில் தூர்தர்ஷன் இதனை ஒளிபரப்பத் தொடங்கியதும், மதக் கலவரத்தைத் தூண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது. நீதிபதிகள் லென்டின், சுஜாதா மனோகர் ஆகிய இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? முழுப் படத்தையும் தாமே அமர்ந்து பார்த்தார்கள். பிறகு தடையை நீக்கினார்கள். எழுத்தறியாத மக்களும் பகுத்தறிவு இல்லாதவர்கள் அல்லர், தீயோரின் சூழ்ச்சியைத் திரையில் கண்டால் அவர்களும் புரிந்துகொள்வார்கள் என்பது அவர்கள் கருத்து. 1988 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றது. குடிமையியல் பாடத்தில் கருத்துச் சுதந்திரம் என்று மனப்பாடம் செய்தபோது விளங்காதது, இதைப் படித்தபோது எனக்கு விளங்கிற்று.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? நடந்த கொடுமையை மறைத்தால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மறுமுறை தடுக்க முடியும்.

தோழியரே, நம் கோட்டையின் ஒரே மதிலுக்குள் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் நிற்கின்றன. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து தேசிங்குராஜன் போரிட்டபோது, அவருக்குத் துணை நின்று உயிர்நீத்தவர் அவருடைய இஸ்லாமிய நண்பர் மகபத்கான். அந்த நட்பைப் பாடி வளர்ந்த ஊர் நம்முடையது. பிறனை நேசி என்று தினமும் ஜெபிக்கும் நாம், பிறன் பட்ட துன்பத்தைப் பார்க்க அஞ்சலாமா? நல்ல நாடகம் ஒன்றைப் பிறர் பழித்தால், முதலில் முழுவதும் பார்ப்போம். பிறகு தீர்ப்புச் சொல்வோம்.