மேகத்தை நம்பியவன்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வந்து என்ன கேட்டாலும் யோசனை சொல்லிவிடுவான். கதையில் வருகிறவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தும், அவர்களை ஊரைவிட்டு ஓடவைத்தும் பழகிப்போன தைரியம் அது. கதையில் தப்பு நேர்ந்தால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். வாழ்க்கையில் அது நடக்காது என்பது என் அக்காள் மகன் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது.

2022-ல் ஒரு சனிக்கிழமை அவன் சென்னையிலிருந்து அம்பகரத்தூருக்கு வந்திருந்தான். பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றிக் குங்குமத்தோடு திண்ணையில் உட்கார்ந்தான். ஏழு வருஷமாக அவனுக்குக் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. ஆபீசில் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துபோவார். இன்னொருவருடைய பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொள்ளும். மானேஜருடைய மிஷின் காலையில் கிளம்ப மறுக்கும். எல்லோருக்கும் இவன் ஓட வேண்டும். நன்றாக வேலை நடக்கிற நாளில் அவனை ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

"மாமா, வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பன்னிரண்டு வாரம் ஒரு பயிற்சி. முடித்தால் கிளவுட் என்ஜினீயர் ஆகலாம்."

"கிளவுட் என்றால்?"

"மேகம்தான், மாமா."

காவேரியின் கடைமடையில் இருக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது! ஆற்றில் தண்ணீர் வராத வருஷமெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த ஜனங்கள் நாங்கள். "மேகத்தை நம்பி இருக்கிற சம்பளத்தை விடாதேடா. பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டு வயசுக் குழந்தை இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினான். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாக மிஷின்கள் வாங்கி, ஒரு அறையில் பூட்டி, ஏசி போட்டு வைத்துக்கொள்ளும். 2006-ல் அமேசான் கம்பெனி தன் மிஷின்களை மற்றவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2015-ல் மைக்ரோசாப்ட் சென்னை, புனே, மும்பை மூன்றிடத்திலும் அப்படிப்பட்ட மிஷின் கூடங்களைத் திறந்தது. மறுவருஷம் அமேசானும் மும்பைக்கு வந்தது. ஆக, மேகம் என்பது ஆகாயத்தில் இல்லை. காவல்காரன் நிற்கிற கட்டடத்துக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அறுவடை மிஷினை யாரும் சொந்தமாக வாங்கிக் கொட்டகையில் நிறுத்துவதில்லையே. மணிக்கு இவ்வளவு என்று பேசி வயலில் இறக்குகிறோம். அந்த மாதிரிதான்.

"எங்கள் ஆபீசில் மிஷின் அறை இப்போது காலி, மாமா. ஏசியை நிறுத்திவிட்டார்கள். உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்தது நான்தான்."

அதற்கும் நான் மசியவில்லை. உள்ளேயிருந்து அக்காள்தான் வந்து என் வாயை அடைத்தாள். "தாத்தா என்ன பண்ணினார் என்று மறந்துபோச்சா உனக்கு?"

எங்கள் தாத்தா காரைக்காலில் பிரெஞ்சு சர்க்கார் கச்சேரியில் எழுத்தர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாக வந்து சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இடைப்பட்ட எட்டு வருஷத்தில், பிரெஞ்சிலே கோப்பு எழுதிப் பழகிய மனிதர் இங்கிலீஷுக்கு மாற வேண்டியிருந்தது. முப்பது வயசைத் தாண்டியவர், பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனிடம் பாடம் கேட்டார். "போயும் போயும் ஒரு வாண்டிடமா?" என்று பாட்டி சிரித்தாளாம். கற்றுக்கொண்டார், பென்ஷனும் வாங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற வழக்கத்தை மட்டும் கடைசி வரை விடவில்லை. பால் கணக்கில்கூடக் கோடு போட்ட ஏழுதான்.

பையன் வேலையை விட்டான். மனைவியின் வளையல் இரண்டும் திருநள்ளாற்று அடகுக் கடைக்குப் போயின.

இப்படிப்பட்ட பயிற்சிகள் இப்போது பல உண்டு. வேலையில்லாதவர்களுக்காகவும், தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்களுக்காகவும் அமேசான் நடத்துகிற ரீஸ்டார்ட் என்கிற இலவசப் பயிற்சி 2017-ல் இங்கிலாந்தில் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. அதைப் போன்ற ஒன்றில்தான் இவன் சேர்ந்தான். முதலில் லினக்ஸ். படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி தப்பினாலும் மிஷின் முறைத்துக்கொள்ளும். அப்புறம் பைத்தான் மொழி, வலையமைப்பு, பாதுகாப்பு, தரவுத்தளம். இவ்வளவோடு சிக்கனமும் ஒரு பாடம். வாடகை மிஷினை நிறுத்த மறந்து தூங்கிவிட்டால், மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன் கதிதான். விடிந்ததும் பில் வரும்.

முடிவில் ஒரு பரீட்சை. தொண்ணூறு நிமிஷம், 65 கேள்விகள், ஆயிரத்துக்கு 700 எடுத்தால் தேர்ச்சி. தேறிவிட்டான். ஆனால் வேலை வரவில்லை.

நாலு மாதம் வரவில்லை. போகிற இடமெல்லாம் "இத்தனை நாள் பிரின்டர் பார்த்தவர்தானே?" என்று கேட்டார்களாம். சான்றிதழ் கதவைத் தட்ட விட்டதே தவிர, திறந்துவிடவில்லை. அந்த நாலு மாதமும் அக்காளோடு சேர்ந்து நானும் வருத்தப்பட்டேன். ஆனால் வருத்தத்துக்கு அடியிலே, 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு சின்னத் திருப்தி உட்கார்ந்திருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். 2023 நடுவில் ஒரு சிறிய கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி வேலை. பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்று நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்குப் பழுதான புதுப்பிப்பு அனுப்பப்பட்டு, உலகெங்கும் விண்டோஸ் மிஷின்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் மிஷின்கள். நம் ஊர் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பழுதான ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதும், மிஷின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கிளம்பவே கிளம்பாத மிஷினுக்குள் எப்படிப் போவது? மேஜைமேல் இருப்பதானால் எதிரே போய் உட்காரலாம். மும்பைக் கூடத்தில் எங்கோ இருக்கிற வாடகை மிஷினுக்கு முன்னால் யார் போய் உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் சொன்னான்: "எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள், மாமா. எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. மிஷின் கிளம்பாவிட்டால் அங்கே என்ன செய்வோம்? திருகாணியைக் கழற்றி, உள்ளே இருக்கிற டிஸ்கை எடுத்து, நல்ல மிஷினில் மாட்டி, கெட்டுப்போனதைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவோம். இங்கேயும் அதைத்தான் செய்தேன். திருகாணிக்குப் பதில் கட்டளை, அவ்வளவுதான்."

மேகத்து டிஸ்கையும் அப்படிக் கழற்றி மாட்டலாமாம். அன்று உலகம் முழுவதும் பலர் செய்த வைத்தியமும் அதுதானாம். அவனோடு இருந்த பிள்ளைகள் என்ஜினீயரிங் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. அதோடு, போனில் கத்துகிற வாடிக்கைக்காரரிடம் குரலை உயர்த்தாமல் பேச இவனுக்குத்தான் ஏழு வருஷப் பழக்கம். விடியற்காலை நாலு மணி வரைக்கும் பேசினானாம்.

அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தாவின் ஏழுதான் கண்முன் நின்றது. பிரின்டர் பார்த்த வருஷங்களை வீணாய்ப் போனவை என்று அவனை வேலைக்கு எடுக்க மறுத்தவர்கள் நினைத்தார்கள். நானோ, அந்த வருஷங்களோடு அவன் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவன் அவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போவான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன பொங்கலுக்கு வந்திருந்தான். கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் தம் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இதற்கெல்லாம் நீ எதற்கு? இப்போது நீ என்ஜினீயராச்சே!" என்றேன்.

"காகிதம்தான் சிக்கியிருக்கிறது, மாமா. இதற்கு மேகம் உதவாது" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு வளையலை மீட்டுவிட்டான். இன்னொன்று இன்னும் திருநள்ளாற்றில்தான் இருக்கிறது. எப்போது மீட்கப் போகிறாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.