தோலை உரிக்கச் சொல்லலாமா?

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!" எங்கள் கீரப்பாளையம் பக்கம் பிள்ளையைப் பள்ளியில் விடும்போது பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். வாத்தியார் மேல் உள்ள நம்பிக்கைதான். ஆனால் இனி அப்படிச் சொல்லலாமா, சகோதரிகளே?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

"பிரம்பில்லாமல் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளை எப்படி அடக்குவதாம்?" என்பீர்கள். துறுதுறுப்பும் ரோஷமும் சேர்ந்த வயசு அது. நாலு பேர் எதிரில் அவமானப்பட்டால் வீம்புதான் வளரும். என் மகன் ஏழாவது படித்தபோது, அவன் கணக்கு டீச்சர் பிரம்பையே தொட்டதில்லை. வகுப்பு இரைந்தால், தாமும் கத்தாமல் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பாராம். சத்தம் தானே அடங்குமாம். ஓயாமல் பேசுகிறவனிடம் நோட்டுகளைப் பரிமாறும் வேலை. தப்பு செய்தவனைத் தனியே கூப்பிட்டுத்தான் கேட்பார்.

மீதி நம் கையில். இரவெல்லாம் செல்போன் பார்த்து, காலையில் வெறும் வயிற்றோடு போகிற பிள்ளை வகுப்பில் எப்படி நிலையாக உட்காரும்? ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டாமா?

இன்னொன்று. பள்ளியில் அடி வாங்கிய பிள்ளை வீட்டில் சொல்லாது, "நீ என்ன பண்ணினே?" என்று நாமும் இரண்டு வைப்போமே என்ற பயம்! முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு தலைமையாசிரியரிடம் நிதானமாகப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் 1098-க்குப் போன் செய்யலாம். நம்மிடம் சொல்லலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு இருந்தால், பள்ளிக்கூடம் போக அது பயப்படாது.