ஈயக் கோடுகள்

வடகிழக்கு வேல்ஸில் க்ளூயிட் பள்ளத்தாக்கில் லான்ரையடர் என்று ஒரு கிராமம். அங்குள்ள புனித டவ்னோக் மாதாகோவிலுக்கு வருகிறவர்கள் நேரே கிழக்கு ஜன்னலுக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன்.

1533இல் செய்த வண்ணக் கண்ணாடி. அடியில் ஈசாய் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து ஒரு மரம் கிளம்பி, யாழ் ஏந்திய தாவீது முதலான அரசர்களைக் கிளைகளில் தாங்கிக்கொண்டு, உச்சியில் குழந்தையோடு இருக்கும் மரியாளிடம் முடிகிறது. வம்சாவளியில் வெல்ஷ்காரர்களுக்கு இருந்த மோகம் பிரசித்தம். இந்த மரம் அவர்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது. கண்ணாடியின் பின்புறம் வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் சுட்டு வரவழைத்த மஞ்சள், மேலே ஒட்டிக்கொண்டிராமல் கண்ணாடிக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

மறுவருஷமே எட்டாம் ஹென்றி திருச்சபைக்குத் தானே தலைவனானான். பிறகு உருவங்களுக்குக் கெட்ட காலம். 1643இல் பாராளுமன்றமே அவற்றை அகற்றி அழிக்க ஆணையிட்டது. அந்த உள்நாட்டுப் போரின்போது ஜன்னலைக் கழற்றி ஓக் மரப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள் என்றும், 1661இல் மீண்டும் பொருத்தினார்கள் என்றும் சொல்கிறார்கள். அடிமரத்தைக் குடைந்து செய்த அந்தப் பெட்டி கோவிலிலேயே இருக்கிறது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது மேற்கு ஜன்னல் முன்னால். 19ஆம் நூற்றாண்டில் பக்கத்துப் பண்ணைவீட்டில் கிடைத்த பழைய கண்ணாடித் துண்டுகளை அதில் பதித்திருக்கிறார்கள். எதன் பக்கத்தில் எது இருந்ததென்று தெரியாத துண்டுகள். பதித்தவர்கள் கதை எதையும் கற்பிக்க முயலவில்லை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே கறுப்பாக ஈயம் ஓடுகிறது. ஒட்டிய இடம் ஒட்டிய இடமாகவே தெரிகிறது.

இறந்துபோன நண்பன் ஒருவனின் கவிதைத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பிரசுரத்துக்காகப் பிரதி எடுத்தபோது, முடிவுபெறாத மூன்று கவிதைகளில் நானே சில வரிகள் எழுதிச் சேர்த்திருந்தேன். அவன் நடை எனக்கு நன்றாக வரும். கேட்ட நண்பர்கள் அந்த வரிகளைத்தான் விசேஷமாகப் பாராட்டினார்கள். அவனுக்குச் செய்யும் கடமை என்றே அப்போது நினைத்தேன். என் பிரதியில் ஈயக் கோடு இல்லை என்பது அந்த ஜன்னல் முன்னால்தான் உறைத்தது.

ஊர் திரும்பியதும் அந்த வரிகளை அடித்துவிட்டேன். ஒரு கவிதை இப்போது பாதி வாக்கியத்தில் நிற்கிறது. படிக்கச் சுகமாக இல்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.