குரலுக்குத் திறக்கும் கதவு

விக்ரோலி கிழக்கின் கண்ணம்வார் நகரில் வளர்ந்த அந்தப் பொறியாளருக்குத் தொலைபேசி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஓர் எஸ்.டி.டி. பூத். தொண்ணூறுகளின் ஞாயிறு இரவுகளில், கட்டணம் குறையும் நேரம் பார்த்து, அப்பா வரிசையில் நிற்பார். திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் அடுத்த வீட்டுத் தொலைபேசிக்கு ஆச்சியை அழைத்து வந்திருப்பார்கள். சில வாரங்களில் இணைப்புக் கிடைக்கும், குரல் கிடைக்காது. "எம்மா, நான் பேசுதது கேக்கா?" என்று அப்பா கூவிக்கொண்டிருக்க, மீட்டரில் ரூபாய் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

2013ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அதே மௌனத்தை அவர் மீண்டும் சந்தித்தார். ஆம்புலன்ஸ் அனுப்பும் ஒரு சிறிய அலுவலகம் தன் தொலைபேசிகளை இணைய வழிக்கு மாற்றியிருந்தது. வாசலில் தீச்சுவராக நின்றது ஒரு லினக்ஸ் கணினி. அதை அமைத்தவர் அவரே. மணி அடித்தது, எடுத்தார்கள், இணைப்பு நிலைத்தது. இரு பக்கமும் "ஹலோ" என்றார்கள்; எவர் காதிலும் எதுவும் விழவில்லை. அழைத்தவர் வீட்டில் நோயாளி கிடக்கும்போது அந்தச் சில விநாடிகளின் பொருள் என்ன என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கோளாறின் வேர் இணையத் தொலைபேசியின் இயல்பிலேயே இருக்கிறது. அழைப்பை ஏற்பாடு செய்யும் உரையாடல் ஒரு வழியிலும் குரல் வேறொரு வழியிலும் செல்கின்றன. முன்னதற்குரிய நெறி எஸ்.ஐ.பி.; 2002இல் இன்றைய வடிவம் பெற்ற அது, வழக்கமாக 5060ஆம் போர்ட்டைப் பயன்படுத்துகிறது. குரலைச் சுமக்கும் ஆர்.டி.பி. பொதிகளுக்கான முகவரியும் போர்ட்டும் ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகப் பேசி முடிவாகின்றன, அவை எஸ்.ஐ.பி. செய்தியின் உள்ளே எழுதப்பட்டிருக்கும். உறையின் மேல் மட்டும் பார்க்கும் காவலாளிக்கு அது தெரிய வழியில்லை.

ஆகவே, லினக்ஸ் கர்னலின் நெட்ஃபில்டரில் 2006இல் ஒரு துணைக்கூறு சேர்க்கப்பட்டது. அது உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படிக்கிறது. எந்தப் போர்ட்டில் குரல் வரும் என்று குறித்துக்கொள்கிறது. அந்தப் பொதி வந்ததும் உள்ளே விடுகிறது. முகவரி மாற்றம் நடக்குமிடத்தில் கடிதத்துக்குள் இருக்கும் உள் முகவரியையும் திருத்தி, அதனால் மாறும் செய்தி நீளத்தையும் சரிசெய்கிறது.

இத்துணைக்கூறு இயல்பாகவே எச்சரிக்கை மிக்கது. அழைப்பைப் பேசி முடித்த அதே இரு முகவரிகளுக்கிடையே மட்டுமே குரலை அது எதிர்பார்க்கும். அலுவலகத்துக்கு இணைப்பு வழங்கிய நிறுவனமோ அழைப்புக்கு ஒரு சர்வரும் குரலுக்கு வேறொரு சர்வரும் வைத்திருந்தது. வெளிச்செல்லும் பொதிகளையும் கண்டிப்பாக வடிகட்டும் தீச்சுவர் அது; எனவே இரு திசையிலும் குரல் வாசலிலேயே நின்றுபோனது. மௌனத்தின் காரணம் இவ்வளவே.

அந்த எச்சரிக்கையைத் தளர்த்த ஓர் அமைப்பு உண்டு. ஒன்று என்றிருப்பதைச் சுழியம் ஆக்கினால் போதும். அவர் ஆக்கினார். குரல் கேட்டது, அலுவலகம் மகிழ்ந்தது. ஆனால் அன்றிரவு கர்னலின் மூலநிரலை எடுத்து வாசித்தபோது அவருக்கு உறக்கம் வரவில்லை. இப்போது குறிக்கப்பட்ட போர்ட்டுக்கு உலகின் எந்த முகவரியிலிருந்தும் பொதி வரலாம். முதலில் வந்து தட்டுபவருக்கே கதவு திறக்கும். மேலும், 5060ஐ நோக்கிச் செல்லும் எந்த உரையாடலையும், அது யாருடையதாயினும், துணைக்கூறு நம்பிப் படிக்கிறது. செவிக்காகத் திறந்த வாசல் திருடனுக்கும் வாசலே.

நிரலைத் திருத்தத் தொடங்கியவர் இரண்டு நாளில் அதைக் கைவிட்டார். நெட்ஃபில்டரை உருவாக்கியவர்களில் சிலரே முந்தைய ஆண்டு எழுதிய ஒரு வழிகாட்டி அவர் கண்ணில் பட்டது. அதன் வழியில் இரண்டு விதிகளை எழுதினார். முதலாவது, இணைப்பு நிறுவனத்தின் அழைப்புச் சர்வருடன் நடக்கும் உரையாடலை மட்டுமே துணைக்கூறு படிக்கும். இரண்டாவது, அது எதிர்பார்க்கும் குரல், அந்நிறுவனத்தின் குரல் சர்வர்களோடு மட்டுமே பரிமாறப்படும். குரலும் கேட்டது; கதவும் காவலில் இருந்தது.

குடியிருப்பின் வாட்ச்மேன் செய்வதும் இதுதான். விருந்தினர் சொல்லும் வீட்டு எண்ணைக் கேட்டு அவர் கதவைத் திறப்பதில்லை. அந்த வீட்டாரைக் கேட்டுத் திறக்கிறார்.

2016இல் வெளிவந்த 4.7ஆம் கர்னல், துணைக்கூறுகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தியது. வேண்டுபவர் விதி எழுதியே அழைக்க வேண்டும். 2020 அக்டோபர் இறுதியில் சாமி காம்கர் என்ற ஆய்வாளர் அதன் நியாயத்தை உலகுக்குக் காட்டினார். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும்: உலாவி அனுப்பும் தரவை எஸ்.ஐ.பி. செய்தி என்று வீட்டு ரௌட்டரை நம்பவைத்து உள்வாசலைத் திறக்கச் செய்யலாம். அதன்பின் உலாவிகள் 5060, 5061 ஆகிய போர்ட்டுகளை அடைத்தன.

பாதுகாப்பு என்றால் அடைப்பது என்றே பலர் எண்ணுகிறோம். அடைத்த தீச்சுவர் எவருக்கும் எழுதத் தெரியும். அழைப்பவரின் குரல் சென்றுசேர வேண்டும், அந்தக் குரல் மட்டுமே சேர வேண்டும். கடினம் அங்கேதான் தொடங்குகிறது. விதிகளை எழுதி முடித்த அன்று அவர் முதலில் பேசியது அப்பாவுடன். அலுவலகத் தொலைபேசியில் அப்பா கேட்டதும் அதே பழைய கேள்வியைத்தான். "கேக்குப்பா" என்றார் அவர்.